ராத்திரிக் கபடிக்கு எந்த கேமரா?

கபடிப் படம் எடுக்க எந்த கேமரா வாங்கலாம் என்று ஒரத்தநாட்டுப் பக்கத்துத் தம்பிகள் யாராவது கேட்டால், "ஆட்டம் பகல்லயா, ராத்திரியா?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். பட்ஜெட் எவ்வளவு, கேனனா நிக்கானா என்பதெல்லாம் அப்புறம். பகல் ஆட்டம் என்றால் பதில் சுலபம், செலவும் குறைவு. ஆனால் எங்கள் பக்கம் பெரும்பாலான தொடர் போட்டிகள் பொங்கலை ஒட்டியோ கோயில் திருவிழாவை ஒட்டியோ ராத்திரியில்தான் நடக்கின்றன. பத்து மணிக்கு மேல்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். ஃபைனல் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். அந்த லைட் வெளிச்சத்தில் பாய்கிற, புரளுகிற ஆளைத் தெளிவாகப் பிடிக்க முடியுமா என்பதுதான் இங்கே கேமராவைத் தீர்மானிக்கிறது.

ஓர் அளவு சொல்கிறேன். நாலு பக்கமும் கம்பம் நட்டு எல்இடி ஃபோகஸ் லைட் கட்டிய, ஓரளவு நல்ல வெளிச்சமுள்ள களத்தில் எனக்கு வழக்கமாக அமைவது: ஷட்டர் (வெளிச்சம் உள்ளே வரத் திறந்திருக்கிற நேரம்) 1/500 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் குறையக் குறைய அகலம் கூடும்) எஃப் 2, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டுகிற அளவு) 1600. இதே இடத்தில் கேமராவோடு சேர்த்து விற்கும் ஜூம் லென்ஸை முழுதாக நீட்டினால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 2-இல் வருகிற வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் உள்ளே வரும். அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை 12,800-க்கு ஏற்ற வேண்டும். பழைய கேமராக்களில் அப்படி எடுத்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோகும். ஐஎஸ்ஓவை ஏற்றாமல் ஷட்டரை 1/60-க்கு இறக்கினால் தரையும் கோடும் கம்பமும் தெளிவாக விழும், ஆட்டக்காரர் மட்டும் புகையாக இருப்பார்.

ஏன் 1/500? ரெய்டர் (பாடிப் போகிறவர்) தொட்டுவிட்டு இழுக்கிற கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/500 நொடியில் அது ஒரு சென்டிமீட்டர் நகரும், படத்தில் விரல்கள் தனித்தனியாகத் தெரியும். 1/125-இல் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், விரல்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். கபடியில் படமே அந்த விரல்தான். தொட்டானா இல்லையா என்று களமே அடித்துக்கொள்கிற இடம் அது.

கடையில் இந்த இடத்தில் ஒரு பேச்சு வரும்: "இந்த லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருக்கு சார், ராத்திரியில ஆடாம வரும்." ஆடாமல் வருவது நம் கைதான். எதிரே ஓடுகிற ஆளை எந்த ஸ்டெபிலைசேஷனும் நிறுத்தாது. அவரை நிறுத்த வேகமான ஷட்டர் வேண்டும், வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்துக்கு அகலத் திறக்கிற லென்ஸ் வேண்டும். ராத்திரியில் செல்போன் தோற்பதும் இதனால்தான். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்கித் தருகிறது. கோயில் கோபுரத்துக்கு அது அற்புதமாக வேலை செய்யும், நிற்காத ஆளுக்குச் செய்யாது.

அதனால் என் கணக்கு எப்போதும் லென்ஸிலிருந்து தொடங்கும். கையில் இருக்கிற பணத்தில் பாதிக்கு மேல் லென்ஸுக்குப் போகட்டும், மிச்சத்தில் பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) பார்ப்போம். நான் வைத்திருப்பது கேனன் 85 மி.மீ. எஃப் 1.8 யூஎஸ்எம். 1992-இல் வந்த லென்ஸ், இன்றைக்கும் ஃபோகஸ் சட்டென்று விழும். எஃப் 2.8 திறப்பு உள்ள 70-200 ஜூம்தான் விளையாட்டுக்கு ராஜா என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், கிரிக்கெட்டுக்கும் ஃபுட்பாலுக்கும் அது இல்லாமல் கஷ்டம். ஆனால் கபடிக் களம் சின்னது. ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், அவ்வளவுதான். ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமை விடச் சின்னது) உள்ள கேமராவில் 85 மி.மீ. போட்டு 8 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் இரண்டு மீட்டர் அகலம் ஃபிரேமுக்குள் வரும். குனிந்து பாடி வருகிற ரெய்டரும் அவர் காலைக் குறிவைக்கிற கார்னர் ஆட்டக்காரரும் அதில் கச்சிதமாக அடங்குவார்கள். ஜூமை விட இந்த லென்ஸ் இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் தரும், விலையும் எடையும் அதில் ஒரு சின்னப் பங்குதான். விடிய விடியத் தரையில் உட்கார்ந்து எடுப்பவருக்கு எடை சின்ன விஷயம் இல்லை.

50 மி.மீ. எஃப் 1.8 இன்னும் மலிவு, கையில் காசு குறைவாக இருக்கிற தம்பிகளுக்கு அதையும் சொல்வேன். ஃபோகஸ் 85 அளவுக்கு வேகம் கிடையாது. ஆனாலும் எஃப் 5.6 ஜூமைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு அது எவ்வளவோ மேல்.

இனி பாடி. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது கேனன் 7டி. 2009-இல் வந்தது, 18 மெகாபிக்சல், நொடிக்கு 8 படம், 19 ஃபோகஸ் புள்ளிகளும் கிராஸ் டைப் (குறுக்கும் நெடுக்கும் பார்த்துப் பிடிப்பவை). இருபதாயிரத்துக்குச் சற்று மேல் கொடுத்தேன். அதே காசுக்குப் புது கேமராவும் கிடைக்குமே, அதில் 24 மெகாபிக்சல் இருக்கிறதே என்று என் மச்சான் வாதாடினான். மெகாபிக்சல் கபடிக்கு ஒன்றும் செய்யாது. ஆட்டக்காரர்கள் படத்தைப் பார்ப்பது வாட்சப்பில், பெரிதாகப் போட்டால் பிளெக்ஸ் பேனரில். இரண்டுக்கும் 18 தாராளம். மலிவான ஆரம்பநிலை பாடிகளில் குறைவது ஃபோகஸ் அமைப்பு. நடுப்புள்ளி மட்டும் கிராஸ் டைப்பாக இருக்கும், ஓரப் புள்ளிகள் மங்கல் வெளிச்சத்தில் தடுமாறும். 7டி மாதிரி அப்போது விளையாட்டுக்கென்றே செய்த பாடியில் ஃபோகஸ் அமைப்பு வேறு ரகம். பத்து வருஷம் பழசாகி விலை இறங்கினாலும் அந்தத் திறமை இறங்குவதில்லை.

இறங்குவது வேறொன்று. 7டியின் சென்சார் பழசு. ஐஎஸ்ஓ 3200-இல் மணல் தூவியதுபோலத் தெரியும். வெளிச்சம் குறைந்த களத்தில் நான் அதைத் தாண்டுவதில்லை. ஷட்டரை 1/400-க்கு இறக்கி, கை நீண்டு ஒரு கணம் நிற்கிற நேரமாகப் பார்த்து எடுப்பேன். நிக்கான் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு 2015-இல் வந்த டி7200 நல்ல வழி. 24 மெகாபிக்சல், 51 புள்ளி ஃபோகஸ், நொடிக்கு 6 படம், இருட்டில் 7டியை விடச் சுத்தமான படம். அதற்கு முந்தைய டி7100-ம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் ரா ஃபைல் (சுருக்காத பெரிய மூலப் படம்) எடுத்தால் ஒரு நொடி அழுத்தியதும் பஃபர் (கார்டுக்குப் போகும் முன் படம் தங்குகிற இடம்) நிரம்பிப் படம் எடுப்பது தடுமாறும். சரியாக அந்த நேரத்தில்தான் ரெய்டர் கோட்டைத் தொடுவார். ஜேபெக்கில் எடுப்பவருக்கு அவ்வளவு தொல்லை இல்லை.

நிக்கானில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டி3000 வரிசை, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 85 எஃப் 1.8 டி லென்ஸ் விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கி இவற்றில் மாட்டினால் ஆட்டோஃபோகஸே வேலை செய்யாது. டி7000 வரிசையில் மோட்டார் இருப்பதால் அந்த லென்ஸும் ஓடும்.

மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா வகை) சோனி ஏ6000 பழைய சந்தையில் நிறைய வருகிறது. நொடிக்கு 11 படம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். நண்பர் ஒருவருடையதை வாங்கி எடுத்துப் பார்த்தேன். பகல் வாலிபாலுக்கு அருமையாக வந்தது. ராத்திரியில் அதோடு வந்த கிட் லென்ஸில் ஃபோகஸ் தேடிக்கொண்டே இருந்தது. சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4 மாதிரி ஒரு லென்ஸ் மாட்டினால் கதை மாறும், ஆனால் அந்த லென்ஸின் விலையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிகிறவர்களுக்கு 2022-இல் வந்த கேனன் ஆர்10 சொல்வேன். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 15 படம், ஆளின் கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ், அடாப்டர் போட்டால் என்னிடம் இருக்கிற அதே 85 லென்ஸும் ஓடும். லென்ஸை முதலில் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பாடி மாறும், லென்ஸ் கூடவே வரும். மிரர்லெஸ்ஸில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை மட்டும் இந்த ஆட்டத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் வேகமாக வீசுகிற கை வளைந்து விழும், எல்இடி வெளிச்சத்தில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக வரும்.

நொடிக்கு எத்தனை படம் என்ற எண்ணைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். அதே 5 மீட்டர் வேகக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 8 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அந்தக் கை அறுபது சென்டிமீட்டர் போயிருக்கும். தொடுகிற கணம் அந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டால் படம் இல்லை. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதை விட ஆட்டத்தைப் படிப்பது அதிகம் பலன் தரும். ரெய்டர் எந்தக் காலை முன்னே வைத்துப் பாடுகிறார், போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டுகிறவரா, கையால் தொடுகிறவரா, கார்னரில் நிற்பவர் கணுக்காலுக்குப் பாய்கிறவரா என்று முதல் சில ரெய்டிலேயே தெரிந்துவிடும். கார்னர் ஆட்டக்காரர் பாய்வதற்கு முன் எடையைப் பின்னங்காலுக்கு மாற்றுவார். அதைப் பார்த்ததும் விரல் அழுந்த வேண்டும்.

நிற்கிற இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குக் காசே வேண்டாம். பலரும் நடுக்கோட்டுக்கு நேராக, கூட்டத்தோடு பக்கவாட்டில் நிற்பார்கள். அங்கிருந்து எல்லோருக்கும் பக்க முகம்தான் கிடைக்கும், நடுவரும் குறுக்கே நடந்துகொண்டிருப்பார். நான் கடைசிக் கோட்டுக்குப் பின்னால், ஒரு மூலையை ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளித் தரையில் உட்காருவேன். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு, அதற்கு ஒரு மீட்டர் தாண்டி போனஸ் கோடு, அங்கிருந்து கடைசிக் கோடு 1.75 மீட்டர். போனஸுக்கு வருகிற ரெய்டர் கிட்டத்தட்ட என் முகத்துக்கு நேரே வருவார். நேர் பின்னால் உட்கார்ந்தால் பிடிக்கிற அணியின் முதுகுகள் மறைக்கும். மூலையிலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது அந்த முதுகுகளுக்கு நடுவே இடைவெளி திறக்கும். எதிர்ப்பக்க கார்னரில் நடக்கிற மோதல் எட்டு மீட்டர் தூரத்தில், 85-க்கு அளவாக இருக்கும்.

ஒரு பாதியில் ஓர் அணியின் ரெய்டர்கள் மட்டும்தானே நம்மை நோக்கி வருவார்கள் என்று தோன்றும். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். அதனால் இடத்தை விட்டு எழாமல் இருந்தாலே இரண்டு அணிக்கும் படம் கிடைத்துவிடும்.

செட்டிங்கில் முக்கியமானவை சில மட்டும். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடர்கிற முறையில் இருக்க வேண்டும். கேனனில் அதற்கு ஏஐ சர்வோ என்று பெயர், நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. எல்லாப் புள்ளிகளையும் திறந்து விட்டால் கேமரா பக்கத்தில் இருக்கிற முதுகைத்தான் பிடிக்கும், அதனால் ஒரு புள்ளியோ சின்ன வட்டாரமோ போதும். 7டியில் நடுப்புள்ளி எஃப் 2.8, அதைவிட அகலமான லென்ஸ்களோடு இன்னும் துல்லியமாக வேலை செய்யும், நான் பெரும்பாலும் அதிலேயே ஓட்டுகிறேன். குறுக்கே யாராவது வந்தால் ஃபோகஸ் சட்டென்று தாவாமல் இருக்க ஒரு மெனு உண்டு, அதை மந்தமாக வைத்திருக்கிறேன். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றியது பெரிய உதவி. எஃப் 1.8-இல் எட்டு மீட்டரில் தெளிவு விழுகிற ஆழம் அரை மீட்டருக்குச் சற்று மேல்தான். கண் தெளிவாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் மங்கினால் பரவாயில்லை.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு பேருக்கு நடுவே நிற்கிற ஒருவரின் கண்ணில் அதை அடிப்பது ஆபத்து. யார் கேட்டாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பகல் ஆட்டக்காரர்களை இவ்வளவு நேரம் காக்க வைத்துவிட்டேன். உச்சி வெயிலில் எஃப் 5.6-இல் ஐஎஸ்ஓ 200 வைத்தாலே 1/1600 கிடைக்கும். அதற்கு 55-250 மாதிரி மலிவான ஜூம் போதும், 85 தேவையே இல்லை. கிரிக்கெட் எடுப்பவர்கள் வேகத்தை மட்டும் கவனிக்க வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டரில் வருகிற பந்து 1/500 நொடியில் கிட்டத்தட்ட அதன் விட்டம் அளவுக்கு நகர்ந்துவிடும். பந்தும் மட்டையும் ஃபிரேமில் தெளிவாக வேண்டும் என்றால் 1/2000 வையுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் சின்ன டார்ச் ஒன்றை எடுத்துப் போங்கள். லென்ஸின் பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் ஓடினால் பூஞ்சை. டெல்டா ஈரத்தில் அலமாரியில் கிடந்த லென்ஸ்களுக்கு இது சகஜம். விலை எவ்வளவு இறங்கினாலும் அதை வாங்காதீர்கள். அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் அதையும் தள்ளிவிடலாம். பாடியில் ஷட்டர் எண்ணிக்கை பாருங்கள். 7டிக்கும் டி7200-க்கும் கம்பெனி சொல்கிற கணக்கு ஒன்றரை லட்சம். நிக்கானில் எடுத்த படத்தின் விவரத்திலேயே எண் இருக்கும். 7டியில் கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒரு மென்பொருளால்தான் பார்க்க முடியும், லேப்டாப்பைக் கொண்டுபோங்கள். கல்யாணங்களுக்கு ஓடிய பாடி என்றால் எண் எகிறியிருக்கும். 7டி சிஎஃப் கார்டு போடுகிற கேமரா, கார்டு குழிக்குள் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசியாக, கடைக்கு வெளியே வந்து ரோட்டில் உங்களை நோக்கி வருகிற டூவீலரைத் தொடர்ந்து எடுத்து, படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நம்பர் பிளேட் படத்துக்குப் படம் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் ஒழுங்காக இருக்கிறது. இதற்கு அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், கார்த்திகை மார்கழியில் அடிக்கடி மாற்றுங்கள்.

இத்தனை மெனக்கெடல் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பையன்கள் பலருக்கும் தாங்கள் ஆடுகிற ஒரு நல்ல படம் கூடக் கிடையாது. கோப்பையோடு நிற்கிற குரூப் போட்டோதான் இருக்கும். 2014-இல் புரோ கபடி வந்து, 2017-இல் தமிழ் தலைவாஸ் அணியும் சேர்ந்த பிறகு டிவியில் பார்க்கிற மாதிரி தங்களுக்கும் ஒரு படம் வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வந்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் அணியில் ஆடுகிற தங்கச்சி ஒருத்தி, நான் எடுத்த படத்தைக் கல்லூரியில் சேரும்போது சர்ட்டிஃபிகேட்டுகளோடு சேர்த்துக் கொண்டுபோனாள். படத்தை அனுப்பும்போது வாட்சப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப்போகும்.

இன்னும் எனக்குத் தீராமல் இருப்பது லைட் துடிப்பு. மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அதனால் பல லைட்டுகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, 1/500-க்குத் தெரியும். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் நிறம் மாறியும் விழும். 2014-இல் வந்த 7டி மார்க் 2-வும் 2016-இல் வந்த 80டியும் இந்தத் துடிப்பைக் கண்டுபிடித்து, வெளிச்சம் உச்சத்துக்கு வரும் கணமாகப் பார்த்து ஷட்டரைத் திறக்கும். அடுத்து பாடி மாற்றினால் அதற்காகத்தான் மாற்றுவேன். அதுவரை ஆட்டம் தொடங்கும் முன் வெறும் களத்தைத் தொடர்ச்சியாகச் சில படம் எடுத்துப் பார்க்கிறேன். துடிப்பு அதிகமாக இருந்தால் லைட் செட் போடுகிற அண்ணனிடம் போய் ஜெனரேட்டர் திரீ ஃபேஸா என்று கேட்பேன். எல்லா லைட்டும் ஒரே ஃபேஸில் இருந்தால் எல்லாம் சேர்ந்தே மங்கும். வேறு வேறு ஃபேஸில் பிரித்துக் கட்டினால் ஒன்று குறையும்போது இன்னொன்று ஈடுகட்டும். "அதுக்கென்ன தம்பி, மாத்திக் கட்டிருவோம்" என்று பெரும்பாலும் செய்துகொடுத்துவிடுகிறார்கள். டீம் பதிவு நடக்கிற நேரத்திலேயே போய்க் கேளுங்கள், ஆட்டம் தொடங்கிவிட்டால் அவர்களுக்கும் கை ஒழியாது.